உமிச் சாம்பலிலிருந்து சிலிக்கானை மலிவாக எடுக்க முடியுமா?

சிலிக்கான் என்பது சிப், சோலார் தகடுகளுக்கான மூலப்பொருள். மணலிலும் உமியிலும் அது ஆக்சிஜனோடு இறுகப் பிணைந்து சிலிக்காவாகத்தான் இருக்கிறது. அந்தப் பிணைப்பை உடைக்கத்தான் செலவே. ஆலைகளில் குவார்ட்ஸ் கல்லைக் கரியோடு சேர்த்து மின்உலையில் ஏறக்குறைய 2000 டிகிரிக்குச் சூடாக்குகிறார்கள்.

சரி, நம் டெல்டாவில்? 100 கிலோ நெல் அரைத்தால் சுமார் 20 கிலோ உமி, அதை எரித்தால் 4 கிலோ சாம்பல், அதில் பெரும்பங்கு நெற்பயிர் வேர் வழியே உறிஞ்சிய சிலிக்காதான், தஞ்சாவூர் அரிசி ஆலைகளின் பின்னால் குவியும் அதைக் குப்பை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உமியை 700 டிகிரிக்குள் எரித்தால் அந்தச் சிலிக்கா நுண்துளைகளோடு இருக்கும். கட்டி வெல்லத்தைவிடப் பொடித்தது சீக்கிரம் கரைவதுபோல, ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ளும் மெக்னீசியத்தோடு அது சுமார் 650 டிகிரியிலேயே வினைபுரியும். ஆனால் மெக்னீசியம் விலை அதிகம்.

சாம்பலே சிலிக்கான் என்று பலர் நினைக்கிறார்கள். அது சிலிக்கா மட்டுமே, பிரித்தெடுத்த பிறகும் சிப் தரத்துக்குப் பலமுறை சுத்திகரிக்க வேண்டும்.