கொரோனாவில் டிவி பூசை செல்லும் என்றார்களே, இப்போது மட்டும் ஏன் செல்லாது?

கேள்வி கேட்டவர் கொஞ்சம் விளக்கமும் கொடுத்திருக்கிறார். 2020இல் ஆயர்களே வீட்டிலிருந்தபடி டிவியில் திருப்பலி பார்க்கச் சொன்னார்கள், அப்போது பாவமில்லாதது இப்போது எப்படிப் பாவமாகும், மொபைலில் பார்த்துவிட்டுப் போகிறேனே என்கிறார்.

தம்பி, உங்களுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். வாரத்தில் ஒரு நாள்தான் தூங்கக் கிடைக்கும், அன்றைக்குப் பார்த்து வீட்டில் அம்மா ஆறு மணிக்கே ஃபேனை நிறுத்துவார். தப்பாக இருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். என் வீட்டிலும் ஒருவன் இருக்கிறான், அதை வைத்துச் சொன்னேன்.

நேர் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். டிவி பூசை "செல்லும்" என்று அன்றைக்கும் யாரும் சொல்லவில்லை. ஆயர்கள் செய்தது, ஞாயிறு கடனிலிருந்து, அதாவது ஞாயிறுதோறும் பூசைக்குப் போயே ஆக வேண்டும் என்ற கடமையிலிருந்து, நமக்கு விலக்கு கொடுத்தது. கடனே இல்லை எனும்போது செல்லுமா செல்லாதா என்ற பேச்சுக்கு இடமில்லை. திருச்சபைச் சட்டம் 1248ஐப் பாருங்கள். குரு இல்லை, அல்லது வேறு கனமான காரணத்தால் பூசைக்குப் போக முடியவில்லை என்றால், தனியாகவோ குடும்பமாகவோ உட்கார்ந்து ஜெபம் செய்யுங்கள் என்றுதான் இருக்கிறது. டிவி என்ற பேச்சே அதில் கிடையாது. ஜெபத்துக்கு ஒரு துணையாக டிவியைப் போட்டுக்கொண்டோம். விலக்கு முடிந்தது, கடன் திரும்பி வந்துவிட்டது. நோயாளிக்கும், நோயாளியைப் பார்த்துக்கொள்பவருக்கும் அந்தக் கடன் அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

நான் சாமியாரும் இல்லை, மறைக்கல்வி டீச்சரும் இல்லை. ராயபுரத்தில் ஒரு சந்தில் தையல் மெஷின் ஓட்டுகிறவள், எங்கள் அன்பியத்துக்கு, அதாவது அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்த ஜெபக் குழுவுக்கு, பொறுப்பாளர், அவ்வளவுதான். சட்டம் தெரிந்தவர்கள் பிழை இருந்தால் கீழே திருத்துங்கள், சண்டைக்கு வராதீர்கள். அப்புறம், கோயிலை மூடியதே தப்பு என்று சொல்கிற கூட்டத்தில் என்னைச் சேர்க்காதீர்கள். மூடியது சரிதான். எங்கள் சந்தின் வாயைத் தகரம் வைத்து அடைத்தபோது உள்ளே இருந்தவள் நான்.

அந்த வருடத் தவக்காலத்தைச் சொல்லாமல் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. குருத்தோலை இல்லை. பெரிய வியாழன் பாதம் கழுவும் சடங்கை விட்டுவிடச் சொல்லி ரோமிலிருந்தே உத்தரவு. பெரிய வெள்ளி சிலுவையை முத்தம் செய்வது சடங்கை நடத்தும் குரு ஒருவர் மட்டும். பாஸ்கா இரவில், அதாவது ஈஸ்டருக்கு முந்தின ராத்திரி, கோயில் வாசலில் நெருப்பு மூட்டுவது இல்லை, திரியை மட்டும் ஏற்றினார்கள். மார்ச் 27ஆம் தேதி போப் பிரான்சிஸ், மழை நனைத்த காலி மைதானத்தில் தனியாக நின்று ஆசீர்வாதம் கொடுத்தாரே, அது நம் நேரத்துக்கு ராத்திரி பத்தரை. என் அம்மா தூங்கவே இல்லை. காலமெல்லாம் காசிமேட்டில் மீன் விற்றவர், ராத்திரி எட்டரைக்கே படுத்துவிடுகிற உடம்பு. அன்றைக்கு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார்.

மாதா டிவியில் பூசை நன்றாகவே வந்தது. குறை சொல்ல மாட்டேன். ஆனால் அம்மாவுக்கு நம்ம கோயில் பூசைதான் வேண்டும். இளைஞர் குழுப் பையன்கள் பீடத்துக்கு எதிரே ஒரு மொபைலைக் கட்டி வைத்து யூடியூபில் விட்டார்கள். ஒரு ஞாயிறு, சாமி, அதாவது பூசை வைக்கும் குரு, அப்பத்தை உயர்த்திப் பிடித்த நேரத்தில் படம் அப்படியே நின்றுவிட்டது. அம்மா முழங்காலில் இருந்தார். சாமி கையை இறக்கவில்லை, அதனால் அம்மாவும் எழவில்லை. எழுந்திருமா, நெட் போயிடுச்சு என்கிறேன். "சாமி தூக்கி வச்சிருக்கும்போது நான் எப்படி எழுந்துக்கறது?" என்கிறார். ஏற்கெனவே முட்டி தேய்ந்தவர். நான் போனை அணைத்துப் போட்டு, திரும்ப வந்தபோது கர்த்தர் கற்பித்த ஜெபம் ஓடிக்கொண்டிருந்தது. "அப்ப நடுவுல நடந்ததெல்லாம்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை, எழுப்பி உட்கார வைத்தேன்.

சாயங்காலம் ஏழு மணிக்கு ஜெபமாலை மட்டும் எங்கள் சந்தில் தவறாமல் நடந்தது. யாரும் யார் வீட்டுக்குள்ளும் போகவில்லை. அவரவர் வாசற்படியில் உட்கார்ந்து, இந்த வீட்டார் "அருள் நிறைந்த மரியே" என்று ஆரம்பித்தால் எதிர் வீட்டார் "புனித மரியே" என்று முடிப்பார்கள். அதுவும் மாஸ்க் போட்டுக்கொண்டு. ஏப்ரல் கடைசியில் நோன்பு தொடங்கியதும், மூன்றாம் வீட்டு பாய் மகரிப் தொழுகையை மாடியில் முடிக்கும்வரை நாங்கள் ஆரம்பிக்க மாட்டோம். அவர்களுக்கும் பள்ளிவாசல் பூட்டித்தான் கிடந்தது. இதையெல்லாம் எந்த கேமராவும் எடுக்கவில்லை. எங்கள் பங்கில் (ஒரு கோயிலைச் சேர்ந்த ஜனத்தைப் பங்கு என்போம்) கோயில் மூடியிருந்த மாதங்களில் பங்கு என்று ஒன்று உயிரோடு இருந்தது என்றால், இந்த மாதிரி நாலைந்து சந்துகளால்தான். இதைப் பெருமையாகவே சொல்கிறேன்.

சரி, டிவி, லிங்க் என்றதும் எனக்கு ஏன் இவ்வளவு வயிறு எரிகிறது என்பதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. கேள்விக்குச் சம்பந்தம் இல்லாதது, பிடிக்காதவர்கள் தாண்டிப் போங்கள். மே, ஜூன் மாதங்களில் மாநகராட்சி தினமும் மண்டலவாரியாகக் கணக்கு வெளியிடும். பட்டியலில் எங்கள் ராயபுரம் மண்டலத்துக்குத்தான் பெரிய எண். அந்த மண்டலத்தில் ஜார்ஜ் டவுனும் உண்டு, சௌகார்பேட்டையும் உண்டு. ஆனால் பெயர் எங்களுடையது, பழியும் எங்களுடையது. ஜூன் முழு ஊரடங்கு முடிந்த கையோடு, தென்சென்னையில் இருக்கும் எங்கள் சித்தப்பா பேத்திக்குக் கல்யாணம். 50 பேருக்கு மேல் கூடாது என்று விதி. "நீங்க அந்தப் பக்கமாச்சே, தப்பா எடுத்துக்காதீங்க, லிங்க் அனுப்பறோம்" என்றார்கள். அந்தப் பெண்ணுக்குப் புது நன்மைக்கு, அதாவது முதன்முதலாகப் பூசையில் அப்பம் வாங்கும் நாளுக்கு, கவுன் தைத்துக் கொடுத்தது நான்! லிங்க்கில் பார்த்தோம். ஒரு மணி நேரமும் போட்டோகிராபர் முதுகைத்தான் பார்த்தோம். முதுகு நகர்ந்தபோது முதல் பெஞ்சில் தெரிந்தது பெண்ணின் அப்பா ஆபீஸ்காரர்கள். பத்திரிகைக்குக் கீழே மொய்க்கு க்யூஆர் கோடு வேறு. அம்மா 501 ரூபாய் அனுப்பச் சொன்னார். நான் அனுப்பினேன். இன்னும் ஆறவில்லை எனக்கு.

இப்போது அம்மா விஷயத்துக்கு வருகிறேன். செப்டம்பர் 1ஆம் தேதி தமிழ்நாட்டில் எல்லா வழிபாட்டுத் தலங்களும் திறந்தன. 8ஆம் தேதி மாதா பிறந்தநாள். வழக்கமாக அந்தச் சமயத்தில் பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயிலுக்குக் காவி உடுத்தி நடந்தே போகிறவர், அந்த வருடம் அங்கே கொடியேற்றமே ஜனம் இல்லாமல்தான். நம்ம கோயில் பூசைக்காவது கூட்டிப் போ என்றார்.

வாசலில் காலால் மிதிக்கிற சானிடைசர் ஸ்டாண்டு, நெற்றிக்கு நேரே பிடிக்கிற தெர்மாமீட்டர், பெயரும் போன் நம்பரும் எழுத ஒரு நோட்டு. தீர்த்தத் தொட்டி காய்ந்து கிடந்தது. தன்னார்வலர் பேட்ஜ் குத்திய பையன் எங்கள் அடுத்த தெருதான். ஆதாரைக் கேட்டான். அம்மா ஆதாரில் பிறந்த தேதி 1.1.1953. நம்ம ஊரில் அந்தத் தலைமுறையில் பாதிப் பேர் ஜனவரி ஒன்றாம் தேதி பிறந்தவர்கள்தானே, முகாமில் எழுதியவர் மனசுக்குத் தோன்றியதைப் போட்டுவிட்டார். "ஆயா, உனக்கு அறுபத்தேழு. அறுபத்தஞ்சுக்கு மேல வரக்கூடாது" என்றான்.

"யார்ரா நீ என்னைத் தடுக்க? உள்ள போயி என் ஞானஸ்நான நோட்ட எட்த்தாரச் சொல்லு சாமிய" என்று அம்மா அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார். பின்னால் வரிசை நிற்கிறது, ஆறடிக்கு ஒருவராக, அந்தோணியார் கெபி வரைக்கும். எனக்கு மானம் போகிறது. பங்குச் சாமி வந்தார். பொறுமைசாலி. பூசைக்கு இன்னும் நேரம் இருந்ததால் ஆபீஸ் பீரோவைத் திறந்து 1957ஆம் வருட நோட்டை எடுத்தார். ஓரமெல்லாம் பூச்சி அரித்தது. ஊதா மையில் அம்மா பெயர், தாத்தா பெயர், ஞானத்தாய் பெயர். பிறந்து எட்டாம் நாள் ஞானஸ்நானம். பக்கத்து ஓரத்தில், வேறு மையில், வேறு கையெழுத்தில் உறுதிப்பூசுதல் நடந்த தேதி. அதற்கும் கீழே அப்பா பெயரோடு கல்யாணத் தேதி. நான் அதைப் பார்த்ததே அன்றுதான். அறுபத்து மூன்று. சாமி நோட்டை மூடிவிட்டு, "இவங்கள உள்ள விடுப்பா" என்றார்.

அறுபத்து மூன்றோ அறுபத்தேழோ, வயதானவரை ஆபத்தில் தள்ளினாயே என்று ஒருவர் கட்டாயம் எழுதுவீர்கள். வழிபாட்டுத் தலங்களுக்கான மத்திய அரசின் கொரோனா வழிமுறையில் 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் வீட்டில் இருக்குமாறு அறிவுறுத்தப்படுகிறார்கள் என்றுதான் இருந்தது. அறிவுரைதான், தடை இல்லை. ஜன்னல் எல்லாம் திறந்திருந்தது, பெஞ்சுக்கு இரண்டு பேர், பாடற்குழு கிடையாது. உங்கள் வீட்டுக் காய்கறிக் கடை அதைவிட நெரிசலாக இருந்திருக்கும்.

நற்கருணை, அதாவது பூசையில் கொடுக்கும் அப்பம், கையில் மட்டும் என்று அறிவித்தார்கள். புது நன்மை வாங்கிய நாளிலிருந்து நாவில் வாங்கியவர் அம்மா. என்ன செய்வாரோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து ஏந்தி வாங்கினார். விரலால் எடுக்கவில்லை. குனிந்து வாயாலேயே எடுத்து, துணுக்கு விழக்கூடாது என்று உள்ளங்கையை நாக்கால் ஒற்றிக்கொண்டார். வாசலில் போட்ட சானிடைசர் இன்னும் கையில் இருந்திருக்கும் போல. முகம் சுளித்தது. வெளியே வந்ததும், "கசந்துச்சுடி. அந்தக் கசப்போடதான் முழுங்கினேன்" என்றார். சிரித்தார். மார்ச்சுக்கு அப்புறம் அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

மொபைலில் பார்த்தால் என்ன குறையும் என்று கேட்டீர்களே, எனக்குத் தெரிந்த பதில் இதுதான். மொபைலில் உங்களை வாசலில் நிறுத்த ஆள் இல்லை, உள்ளே விடச் சொல்லவும் ஆள் இல்லை. நீங்கள் வரவில்லை என்றால் யாருக்கும் தெரியாது. எங்கள் அன்பியத்தில் ஒருவர் இரண்டு ஞாயிறு வரவில்லை என்றால் நான் கதவைத் தட்டுவேன். சிலருக்கு அது தொல்லை என்று தெரியும். இரண்டாம் அலையில் அப்படித் தட்டியதால்தான் தனியாகக் காய்ச்சலில் கிடந்த ஒரு அக்காவை ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக முடிந்தது, பிழைத்தும் வந்தார்.

அம்மாவுக்கு இப்போது டிவி பூசைதான். முட்டி சுத்தமாக ஒத்துழைக்கவில்லை, படி ஏற முடியாது. மாதாமாதம் முதல் வெள்ளியன்று வீட்டுக்கு நற்கருணை வருகிறது. அவருக்கு அதில் ஒரு குறையும் இல்லை, சட்டமே அவர் பக்கம் இருக்கிறது. உங்கள் முட்டி எப்படி இருக்கிறது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

"உண்டியல் குறைகிறது, அதான் கூப்பிடுகிறீர்கள்" என்று சொல்லப்போகிறவர்களுக்கு: எனக்கும் அதில் கோபம் உண்டு. மூடியிருந்த மாதங்களுக்கும் சேர்த்துப் பங்கு சந்தா பாக்கி என்று சீட்டு எழுதி வீடு வீடாகக் கொடுக்கச் சொன்னது என்னிடம்தான். கடலுக்குப் போகாத வீட்டில் போய் எந்த முகத்தோடு நீட்டுவது? நீட்டவில்லை, அப்படியே ஆபீசில் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

கடைசியாக, ஞாயிறு காலை எழுவதுதான் பிரச்சினை என்றால், சனிக்கிழமை சாயங்காலப் பூசை ஞாயிறு கடனுக்குச் செல்லும். அதே 1248இல் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. உங்கள் பங்கில் எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள். விசாரிக்கப் போன இடத்தில் சந்தா கார்டு இருக்கிறதா என்று கேட்டார்களானால், என்னைப் பார்த்து முறைக்காதீர்கள்.