வீடியோ கேமில் தோட்டா ஏன் நிஜத்தைப் போலப் பறப்பதில்லை?

தோட்டாவின் இயற்பியல் என்றால், சுட்டபின் அது எவ்வளவு வேகமாகப் போகிறது, எவ்வளவு கீழே இறங்குகிறது என்ற கணக்கு. ஏகே-47 தோட்டா நொடிக்குச் சுமார் 700 மீட்டர் வேகத்தில் கிளம்பும். அரை நொடியில் புவியீர்ப்பு அதை 1.2 மீட்டர் கீழே இழுத்துவிடும். ஆனால் கவுண்டர்-ஸ்ட்ரைக் என்ற துப்பாக்கிச் சண்டை வீடியோ கேமில் பறத்தலே கிடையாது. சுட்ட கணமே நேர்கோட்டில் யார் நிற்கிறார் என்று பார்த்து அடி பதிவாகிறது.

விளையாட்டில் நிஜத்தை இப்படி மாற்றுவதற்கு ஒரு காரணம், ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனியாக ஒரு வேலை வேண்டும். ஒரே சுடலில் பல சிறு குண்டுகளைச் சிதறவிடும் நிஜ ஷாட்கன் 30 மீட்டரிலும் ஆளைக் கொல்லும். அப்படியே விட்டால் எல்லாரும் அதையே தூக்குவார்கள். அதனால் பல விளையாட்டுகளில் கொஞ்ச தூரத்திலேயே அதன் பலத்தைக் குறைத்துவிடுகிறார்கள்.

இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதி வீட்டு முற்றத்தில் பிள்ளைகள் ஆடும் கிரிக்கெட்டைப் பாருங்கள். பக்கத்து வீட்டுச் சுவரைத் தாண்டினால் சிக்ஸர் இல்லை, அவுட். ஒரு தடவை தரையில் குத்தி எழுந்த பந்தை ஒற்றைக் கையில் பிடித்தாலும் அவுட்தான். பெரிய ஆட்டங்கள் நடக்கும் கிங்ஸ்மீட் மைதானத்து விதி அங்கே சரிப்படாது. சின்னவனுக்கும் ஆட்டம் கிடைக்க வேண்டுமே! எனக்கு அது ஏமாற்றாகத் தோன்றியதே இல்லை.

அப்புறம், தோட்டா வளைந்து இறங்கும் விளையாட்டுதான் நிஜமானது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, அந்த இறக்கம் கண்ணுக்குத் தெரியட்டும் என்று வேகத்தை நிஜத்தைவிடக் குறைத்து வைத்த விளையாட்டுகளும் உண்டு.