வாயில் வராத டபிள்யூ எதுக்குங்க?

கேள்வி: பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறேன். பழுதான பீசுகளுக்கு ஆங்கிலத்தில் ரிப்போர்ட் எழுத வேண்டும். 'ரிங்கிள்', 'ராங் லேபிள்' என்று எழுதும்போதெல்லாம் முன்னால் இருக்கும் டபிள்யூவை விட்டுவிடுகிறேன். மெர்ச்சண்டைசர் சிவப்பு மையில் சுழித்துத் திருப்பி அனுப்புகிறார். வாயில் வராத எழுத்து எதுக்குங்க ஐயா? மனசில் நிற்க ஏதாவது வழி இருக்குங்களா?
- வாசகி, திருப்பூர்

பதில்: இருக்கிறது அம்மிணி. ஒரு ஈரத் துண்டை எடுத்து இரண்டு கையாலும் முறுக்கிப் பிழியுங்கள். பிழிவதற்குப் பெயர் ரிங். முறுக்கும்போது திரும்புகிற மணிக்கட்டு, ரிஸ்ட். உதறிப் பார்த்தால் துணியில் தெரிகிற சுருக்கம், உங்கள் ரிங்கிள். மூன்றுமே டபிள்யூ, ஆர் என்றுதான் தொடங்கும்.

துணியை விட்டு வெளியே வாருங்கள். மோட்டார் இறக்க வருகிறவர் குழாயைத் திருகுகிற பைப் ரெஞ்ச், பூவை வளைத்துக் கட்டிய மலர்வளையமான ரீத், புழு நெளிவதைச் சொல்லும் ரிகில், கட்டிப் புரளும் மல்யுத்தமான ரெஸ்லிங், வாயைக் கோணிக்கொண்டு சிரிப்பதைச் சொல்லும் ரை. எல்லாவற்றிலும் அதே இரண்டு எழுத்து, அதே முறுக்கல், அதே கோணல். தப்பு என்று நாம் சொல்லும் ராங்கும் இந்தக் கூட்டம்தான். பழைய ஸ்காண்டிநேவிய மொழியில் 'கோணலானது' என்ற பொருளில் இருந்த சொல் அது. நமக்கொன்றும் இது புதிதில்லை. நேரான ஆட்சியைச் செங்கோல் என்றும் கெட்ட ஆட்சியை வளைந்த கோலாக்கிக் கொடுங்கோல் என்றும் சொன்னவர்கள்தானே நாம்.

அந்த டபிள்யூ ஒரு காலத்தில் வாயிலும் வந்துகொண்டிருந்தது. 1476-இல் காக்ஸ்டன் என்பவர் இங்கிலாந்தில் முதல் அச்சகம் வைத்தார். அதற்கப்புறம் எழுத்துக்கூட்டல் கொஞ்சம் கொஞ்சமாக அச்சில் இறுகிவிட்டது. பேச்சு அதற்காகக் காத்திருக்குமா? 17-ஆம் நூற்றாண்டு வாக்கில் டபிள்யூ நாக்கிலிருந்து உதிர்ந்தது, தாளில் மட்டும் தங்கிவிட்டது. பக்கத்து டச்சுக்காரர்கள் இன்றைக்கும் பிழிவதை 'வ்ரிங்கன்' என்று அழுத்தியே சொல்கிறார்கள்.

இதை வைத்துக்கொண்டு எல்லாமே முறுக்கல் என்று நம்பிவிடாதீர்கள். எழுதுவதற்கான ரைட், கீறுவதைக் குறித்த சொல். நம் ஓலையும் எழுத்தாணியும் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். சிதைந்த கப்பலைச் சொல்லும் ரெக்கும் இந்த முறுக்கலில் சேராது.

டபிள்யூவை விட்டால் என்ன ஆகும் என்கிறீர்களா? பிழிகிற ரிங் மோதிரமாகிவிடும். பீசைப் பாலிதீனில் சுற்றச் சொல்லும் ராப், கதவைத் தட்டச் சொல்லும். மெர்ச்சண்டைசர் சுழிப்பது நியாயம்தான்.

கேள்வி: நிட்டிங் என்ற சொல்லுக்கு முன்னால் கே எதற்கு? எங்கள் யூனிட் போர்டில் பெயிண்டர் அதை விட்டுவிட்டு, கேட்டால் சண்டைக்கு வருகிறார்.
- வாசகர், பல்லடம்

பதில்: பெயிண்டர் காசில் மறுபடி எழுதச் சொல்லுங்கள். நிட் என்றால் முதலில் முடிச்சுப் போடுவது. முடிச்சைக் குறிக்கும் நாட் அதற்கு நெருங்கிய சொந்தம், அதிலும் கே உண்டு. முழங்காலான நீ, மண்டியிடும் நீல், விரல் முட்டியான நக்கிள், மாவு பிசையும் நீட், கதவுக் குமிழான நாப் எல்லாம் கே, என் என்றே தொடங்கும். இங்கும் அதே 17-ஆம் நூற்றாண்டுக் கதைதான். ஜெர்மன்காரர் இன்னும் கே-யை விடவில்லை. அவர்களுக்கு முழங்கால் 'க்னீ', சட்டைப் பட்டன் 'க்னோப்ஃப்'. ஜெர்மன் பையர் வந்தால் காஜா பட்டன் மெஷின் பக்கம் கூட்டிப்போய்ச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.

இந்தக் கூட்டத்தில் எனக்குப் பிடித்தது ஒரு ஜோடி. குதிரையேறிய வீரன் நைட், அயோக்கியன் நேவ். பழைய ஆங்கிலத்தில் இரண்டுக்கும் பொருள் 'பையன்'. ஒரு பையன் அரண்மனைக்குப் போய்ப் பட்டம் வாங்கினான். இன்னொருவன் கெட்டுப்போய்ச் சீட்டுக்கட்டில் ஜாக்கியாக உட்கார்ந்துவிட்டான்.

கேள்வி: கியூவுக்குப் பக்கத்தில் யூ இல்லாத ஆங்கிலச் சொல் இருக்கிறதா சார்? ஸ்கிராபிள் ஆட்டத்தில் கியூ வந்தாலே கை கட்டிப்போகிறது.
- கல்லூரி மாணவர், கோவை

பதில்: இருக்கிறது தம்பி. எல்லாம் வெளியூர் ஒறம்பரை. ஈரானில் மலையடியிலிருந்து நிலத்துக்கடியிலேயே தண்ணீர் கொண்டுவரும் வாய்க்கால், கனாத். ஏமனில் மெல்லுகிற இலை, காட். சீனர்கள் உயிர்ச்சக்தி என்று சொல்வது சீ, ஆங்கிலத்தில் கியூ, ஐ என்று இரண்டே எழுத்து. அதை மட்டுமாவது மனப்பாடம் செய்துகொள், கியூவுக்கே பத்துப் புள்ளி. எதிரே இருப்பவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் அகராதியைப் பிரித்து வை.