கேட்டில் நின்றுபோன சீசன் பாஸ்: கொடுத்த பணத்தை எப்படித் திரும்பக் கேட்பது?

தாம்பரத்தில் வசிக்கும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்: "பொழுதுபோக்குப் பூங்கா ஒன்றின் ஓராண்டு சீசன் பாஸை நான், கணவர், இரண்டு பிள்ளைகள் என நால்வருக்கும் சேர்த்து ரூ.26,000 செலுத்தி அவர்களுடைய இணையதளத்தில் வாங்கினேன். இரண்டு முறை எந்தத் தடையும் இல்லாமல் போய்வந்தோம். ஆயுத பூஜை விடுமுறையில் மூன்றாவது முறை போனபோது பிள்ளைகளின் பாஸை ஸ்கேனர் ஏற்றுக்கொண்டது. எங்கள் இருவருடைய பாஸுக்கும் சிவப்பு விளக்கு எரிந்தது. கேட்டில் இருந்தவர் 'உங்க போட்டோ பதிவாகலை' என்றார். கவுண்டரில் கேட்டபோது 'இன்னைக்கு லீவு நாள், பாஸ் செல்லாது' என்றார்கள். பிள்ளைகள் உள்ளே போய்விட்டதால் வேறு வழியின்றி ரூ.3,000 கொடுத்து இரண்டு டிக்கெட் எடுத்தோம். கஸ்டமர் கேருக்கு நான்கு முறை பேசிவிட்டேன். மின்னஞ்சலுக்கு 22 நாள் கழித்து, 'விதிமுறைகளின்படி பணம் திருப்பித் தரப்பட மாட்டாது' என்று ஒரு வரியில் பதில் வந்தது. மேற்கொண்டு ஏதாவது செய்ய முடியுமா?"

செய்ய முடியும். அதற்கான வலுவான ஆதாரம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. பூங்கா தரப்பு உங்களிடம் ஒரே நாளில் இரண்டு காரணங்களைச் சொல்லியிருக்கிறது. அந்த இரண்டுமே உங்களுக்கு நடந்தவற்றோடு பொருந்தவில்லை. புகைப்படம் பதிவாகவில்லை என்பது உண்மையானால், இதற்கு முன் இரண்டு முறை அதே பாஸ் உங்களை உள்ளே விட்டது எப்படி? விடுமுறை நாளில் பாஸ் செல்லாது என்பது உண்மையானால், அதே நாளில், அதே கேட்டில், அதே ரசீதில் வாங்கிய பிள்ளைகளின் பாஸ் மட்டும் செல்லுபடியானது எப்படி? பலரும் புகார் எழுதும்போது வெயிலில் நின்றதையும் பிள்ளைகள் அழுததையும் பக்கக்கணக்கில் எழுதிவிட்டு, இந்த முரண்பாட்டை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். உங்கள் புகார் இந்த இரண்டு கேள்விகளில்தான் தொடங்க வேண்டும். அதற்கு முன் ஒன்றை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்: பிள்ளைகளுக்கு வாங்கியது வேறு வகைப் பாஸா? சில பூங்காக்களில் விலைக்கேற்ப இரண்டு மூன்று படிநிலைகள் உண்டு. ஒன்றுக்கு விடுமுறைத் தடை இருக்கும், மற்றொன்றுக்கு இருக்காது. நான்கும் ஒரே வகை என்று ரசீதில் இருந்தால், விடுமுறை என்ற காரணம் அங்கேயே நிலைகுலைந்துவிடும்.

கேட்டில் என்ன நடக்கிறது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. உங்கள் பாஸில் இருக்கும் கியூஆர் கோடு பெரும்பாலும் ஓர் எண்ணை மட்டுமே தாங்கியிருக்கிறது. ஸ்கேனர் அந்த எண்ணைப் பூங்காவின் கணினிக்கு அனுப்ப, இந்தப் பாஸ் நடப்பில் இருக்கிறதா, இன்றைய தேதிக்குச் செல்லுமா, இன்று ஏற்கெனவே ஒருமுறை பயன்படுத்தப்பட்டுவிட்டதா, உரியவரின் புகைப்படமோ கைரேகையோ பதிவாகியிருக்கிறதா என்று அந்தக் கணினி பார்த்துப் பதில் சொல்கிறது. இவற்றில் எது தவறினாலும் உங்கள் கண்ணுக்குத் தெரிவது அதே சிவப்பு விளக்குதான். ஆனால் ஊழியர் பக்கமுள்ள திரையில் காரணம் சுருக்கமாகத் தெரிவது வழக்கம். பணம் கட்டியவுடன் மின்னஞ்சலில் வரும் வவுச்சரையே பாஸ் என்று நினைத்து நீட்டுவது, குடும்பத்தில் ஒருவரின் கியூஆர் கோடை இன்னொருவர் காட்டிவிடுவது, அடிக்கடி மாறும் கியூஆர் கோடை முதல் நாளே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்வது ஆகியவை நம் பக்கத்தில் நேரும் தவறுகள். இரண்டு முறை சென்றுவந்த உங்களுக்கு வவுச்சர் குழப்பம் இருக்க வாய்ப்பில்லை. கியூஆர் கோடுகள் இடம் மாறிக் காட்டப்படவில்லை என்பதை மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ஒவ்வொரு ஸ்கேனும் நேரத்தோடு கணினியில் பதிவாகும். உங்கள் வழக்கின் உயிர்நாடி அந்தப் பதிவுதான். ஆகவே பூங்காவுக்கு எழுதும் அடுத்த கடிதத்தில், குறிப்பிட்ட தேதியில் நான்கு பாஸ் எண்களுக்கும் உரிய நுழைவுப் பதிவின் நகலைக் கேளுங்கள். அதை அழிக்காமல் பாதுகாத்து வைக்கும்படியும் எழுதுங்கள். அவர்கள் தர மறுத்தாலும் பாதகமில்லை. ஆவணங்களை முன்வைக்கும்படி உத்தரவிட நுகர்வோர் ஆணையத்துக்கு உரிமையியல் நீதிமன்றத்துக்கு நிகரான அதிகாரம் உண்டு. முன்கூட்டியே எழுத்தில் கேட்டிருந்தால், பிற்பாடு 'பதிவு இல்லை' என்று அவர்கள் சொல்வது அவர்களுக்கே பாதகமாகும்.

அடுத்தது விடுமுறைத் தடை. சீசன் பாஸ் செல்லாத நாட்கள் என்று சிலவற்றை ஒதுக்குவது தன்னளவில் சட்டவிரோதம் அல்ல. கூட்டம் அலைமோதும் நாட்களில் பூங்கா அப்படிச் செய்வதில் நியாயமும் இருக்கலாம். அது வாங்குவதற்கு முன் உங்களுக்குத் தெளிவாகச் சொல்லப்பட்டதா என்பதுதான் கேள்வி. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பிரிவு 2(11), சேவைக் குறைபாடு என்பதற்குள், நுகர்வோர் அறிய வேண்டிய தகவலை வேண்டுமென்றே தராமல் மறைப்பதையும் சேர்த்திருக்கிறது. 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள், இணையத்தில் விற்பவர் முன்கூட்டியே 'டிக்' செய்து வைத்த கட்டங்களின் மூலம் ஒப்புதல் பெறக் கூடாது என்கின்றன. எனவே நீங்கள் வாங்கிய நாளில் அந்த விற்பனைப் பக்கம் எப்படி இருந்தது என்பதைத் தேடுங்கள்: உறுதிப்படுத்தல் மின்னஞ்சல், பணம் செலுத்திய பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், அப்போதைய விளம்பரம். பூங்கா இதற்குள் பக்கத்தை மாற்றியிருந்தால், பழைய இணையப் பக்கங்களைச் சேமிக்கும் வேபேக் மெஷினில் அந்தத் தேதியை ஒட்டிய பிரதி கிடைக்கிறதா என்று பாருங்கள்.

அமெரிக்காவில் இதையொத்த ஒரு வழக்கு நடந்தது. கலிஃபோர்னியாவின் டிஸ்னிலாண்ட் 2021இல் 1,399 டாலருக்கு விற்ற உயர்நிலை ஆண்டுப் பாஸுக்குத் தடை நாட்கள் கிடையாது என்று விளம்பரம் செய்திருந்தது. ஆனால் உள்ளே போக முன்பதிவு வேண்டியிருந்தது. சில நாட்களில் ஒருநாள் டிக்கெட் வாங்குவோருக்கு இடம் இருக்க, இந்தப் பாஸ் வைத்திருந்தவருக்கு இடம் கிடைக்கவில்லை. இது மறைமுகத் தடை அல்லாமல் வேறென்ன என்று ஒரு பாஸ்தாரர் வழக்குத் தொடுக்க, 95 லட்சம் டாலர் தர நிறுவனம் சமரசத்துக்கு வந்தது. அந்த நாட்டுத் தீர்வு நம்மூர் ஆணையத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் உங்கள் கவுண்டரில் நடந்ததை எண்ணிப் பாருங்கள்: பாஸ் செல்லாது என்று சொன்ன அதே நிமிடத்தில் உங்களுக்கு இரண்டு டிக்கெட் விற்றிருக்கிறார்கள். இடநெருக்கடி என்ற காரணத்தை அவர்கள் இனிமேல் கையில் எடுக்க முடியாதபடி அந்த ரூ.3,000 ரசீதே தடுக்கிறது. அந்த ரசீதைப் பத்திரமாக வையுங்கள். வெப்பத்தாளில் அச்சான எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும் என்பதால் இன்றே படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

'பணம் திருப்பித் தரப்பட மாட்டாது' என்ற வரியைக் கண்டு பலர் பின்வாங்கிவிடுகிறார்கள். நீங்களாக மனம் மாறிப் பாஸ் வேண்டாம் என்றால் பூங்கா அந்த நிபந்தனையைக் காட்டலாம். பூங்காவே தான் விற்ற சேவையைத் தராதபோது அதே நிபந்தனையின் பின்னால் ஒளிந்துகொள்ள இயலாது. குறைபாடுள்ள சேவைக்கு வாங்கிய தொகையை ரசீதில் குறித்த காலத்துக்குள்ளும், காலம் குறிக்கப்படாதபோது 30 நாட்களுக்குள்ளும் திருப்பித் தர மறுப்பதை நேர்மையற்ற வணிக நடைமுறை என்றே அதே 2019 சட்டத்தின் பிரிவு 2(47) சொல்கிறது. இங்கே ஓர் எச்சரிக்கை: புகாரில் 'இந்த ஒப்பந்தமே நியாயமற்றது, நிபந்தனையை ரத்து செய்யுங்கள்' என்று எழுதிவிடாதீர்கள். நியாயமற்ற ஒப்பந்தம் பற்றிய புகாரை விசாரிக்கும் அதிகாரம் மாவட்ட ஆணையத்துக்கு இல்லை. அது மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். சேவைக் குறைபாடு, நேர்மையற்ற வணிக நடைமுறை என்ற இரண்டோடு நின்றுகொண்டால் உங்கள் மாவட்டமான செங்கல்பட்டிலேயே வேலை முடிந்துவிடும்.

இப்போது கடிதம். அதைப் பொதுவான கஸ்டமர் கேர் முகவரிக்கு அனுப்பாமல், பூங்காவின் இணையதளத்தில் குறைதீர் அலுவலர் என்று குறிப்பிடப்பட்டிருப்பவருக்கு அனுப்புங்கள். மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். அலுவலரின் பெயரே இணையதளத்தில் இல்லையென்றால், அதையும் புகாரில் ஒரு குறையாகச் சேருங்கள். கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். ஏறத்தாழ இப்படி இருக்கலாம்:

"எங்கள் நான்கு பாஸ்களும் ஒரே ரசீதில் வாங்கிய ஒரே வகைப் பாஸ்கள். இவற்றில் இரண்டு ஏற்கப்பட்டன, இரண்டு மறுக்கப்பட்டன. மறுத்ததற்குக் கேட்டில் ஒரு காரணமும் கவுண்டரில் வேறொரு காரணமும் சொல்லப்பட்டன. மறுக்கப்பட்ட இரு பாஸ்களும் இதற்கு முன் இருமுறை தங்கள் கேட்டிலேயே ஏற்கப்பட்டவை. இந்த மறுப்பினால் நாங்கள் கூடுதலாகச் செலுத்திய ரூ.3,000ஐ 15 நாட்களுக்குள் திருப்பித் தருமாறும், இரு பாஸ்களையும் சரிசெய்து எழுத்தில் உறுதிப்படுத்துமாறும், அன்றைய நுழைவுப் பதிவின் நகலைத் தருமாறும் கோருகிறேன்."

ரூ.26,000 முழுவதையும் திருப்பிக் கேட்கலாமே என்று தோன்றலாம். இரண்டு முறை பயன்படுத்திய பாஸுக்கு முழுத்தொகை கேட்பது நியாயமும் ஆகாது, கேட்டாலும் நிற்காது. கைவிட்டுப் போன தொகையைத் துல்லியமாகக் கேட்கும் புகாருக்குத்தான் எதிர்தரப்பால் பதில் சொல்ல முடியாமல் போகிறது.

பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை 1915 என்ற எண்ணில் அழையுங்கள்; தமிழிலும் பேசலாம். அவர்கள் உத்தரவிட மாட்டார்கள். புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். இந்த அளவுத் தொகைக்கு வழக்கு வரை போகாமல் இந்தக் கட்டத்திலேயே பணத்தைத் தந்துவிட நிறுவனங்கள் முன்வருவதுண்டு. கிரெடிட் கார்டில் டிக்கெட் எடுத்திருந்தால் வங்கியிடம் அந்தத் தொகைக்கு ஆட்சேபம் தெரிவிக்கவும் வழி உண்டு, ஆனால் அதற்குக் கால வரம்பு குறுகியது. சீசன் பாஸ் தொகைக்கே ஆட்சேபம் எழுப்பினால் பூங்கா நான்கு பாஸ்களையும் முடக்கிவிடக்கூடும், ஆகவே ரூ.3,000க்கு மட்டும் எழுப்புங்கள்.

அதுவும் பலிக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். பூங்கா எந்த மாவட்டத்தில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் செய்யலாம் என்பது 2019 சட்டம் தந்த பெரிய வசதி. நிகழ்வு நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். செலுத்திய தொகை ரூ.5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் கட்டாயமில்லை, நுகர்வோர் புகார்களை இணையவழியில் தாக்கல் செய்வதற்கான இ-ஜாக்ரிதி தளத்தில் நீங்களே தாக்கல் செய்யலாம். எதிர்தரப்பாகப் பூங்காவின் வணிகப் பெயரை மட்டும் போட்டுவிடாதீர்கள். டிக்கெட் ரசீதில் ஜிஎஸ்டி எண்ணுக்கு அருகே நிறுவனத்தின் சட்டப்பூர்வமான பெயர் அச்சாகியிருக்கும்; அந்தப் பெயரையும் பதிவு அலுவலக முகவரியையும் எழுதுங்கள். தவறான பெயரில் அனுப்பிய நோட்டீஸ் திரும்பி வந்து மாதக்கணக்கில் வழக்கு இழுபடுவது அடிக்கடி நடக்கிறது. ரூ.3,000, வழக்குச் செலவு, மன உளைச்சலுக்கு ஒரு மிதமான தொகை என்று கோருங்கள். நோட்டீஸ் கிடைத்த 30 நாட்களுக்குள் பூங்கா பதில் தர வேண்டும்; ஆணையம் விரும்பினால் மேலும் 15 நாட்கள் தரலாம், அதற்கு மேல் இல்லை. பிரமாணப் பத்திரமும் ஆவணங்களும்தான் முதன்மைச் சான்று. மூன்று மாதங்களில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் நடைமுறையில் கூடுதலாகும் என்ற எண்ணத்தோடு இறங்குங்கள். முதல் அமர்விலேயே சமரசத்துக்கு அனுப்பினால் மறுக்க வேண்டாம்.

புகைப்படம் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் பிள்ளைகள் சம்பந்தப்பட்டது என்பதால் சொல்கிறேன். 'மறுபடியும் பதிவு செய்யலாம்' என்று அழைத்துப் பிள்ளைகளின் கைரேகையையும் கேட்டால், எதற்கு, எத்தனை நாள் வைத்திருப்பார்கள், வேறு வழி உண்டா என்று கேளுங்கள். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் சிக்ஸ் ஃபிளாக்ஸ் பூங்கா, சீசன் பாஸுக்காக 14 வயதுச் சிறுவனின் கைரேகையை உரிய எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் எடுத்ததாகத் தொடரப்பட்ட வழக்கில், தனியாக நஷ்டம் எதையும் நிரூபிக்காமலே அந்தக் குடும்பம் வழக்கை நடத்தலாம் என்று மாநில உச்ச நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. நம் நாட்டில் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குக் கீழ்ப்பட்டோரின் தரவைப் பெறப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. அது படிப்படியாகத்தான் நடைமுறைக்கு வருகிறது என்றாலும், இன்றே கேட்பதற்கு உங்களுக்கு எந்தத் தடையும் இல்லை.

உங்கள் பாஸில் இன்னும் சில மாதங்கள் மிச்சம் இருக்கின்றன. அடுத்த முறை கிளம்புவதற்கு முன், இரண்டு பாஸ்களும் சரியாகிவிட்டன என்ற மின்னஞ்சலைப் பெற்றுக்கொண்டு போங்கள். அப்போதும் சிவப்பு விளக்கு எரிந்தால், ஊழியரின் திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டு, நேரத்தோடு குறித்துக்கொண்டு, கேட்டை விட்டு நகராமல் அங்கிருந்தே குறைதீர் அலுவலருக்கு இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்புங்கள். பெரியவர்களில் ஒருவரது பாஸாவது ஏற்கப்படும் வரை பிள்ளைகளை முன்னால் அனுப்பாதீர்கள்.