சி.ஓ.பி.டி. உள்ள அப்பாவை தீபாவளி, போகி சமயத்தில் சென்னையில் வைத்துக்கொள்வதா, ஊருக்கு அனுப்பிவிடுவதா?

அப்பாவுக்கு 68 வயது, சி.ஓ.பி.டி. என்கிற நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், பண்டிகை வந்தாலே பயமாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் அதே நோய்தான், 9 வருடமாக. வயது 64. கொளத்தூரில் இரண்டாவது மாடியில் மகன் குடும்பத்தோடு இருக்கிறேன்.

பீடி, சிகரெட் எதையும் நான் தொட்டதில்லை. கல்யாணமாகி இருபது வருடம் ஜன்னல் இல்லாத சமையல்கட்டில் விறகடுப்பை ஊதி ஊதிச் சமைத்தவள். நுரையீரல் கெட, அந்தப் புகையே போதும் என்றார் டாக்டர். இந்த நோய் வந்தாலே "அவர் நிறையப் பிடிப்பாரோ" என்று பேசுகிறவர்கள் இருப்பதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான்கு வருடத்துக்கு முந்தைய தீபாவளியைச் சொன்னால் உங்களுக்குப் புரியும். விடியற்காலை நாலரைக்கு எண்ணெய்க் குளியல். கதவைச் சாத்திய குளியலறையில் வெந்நீர் ஆவி. வெளியே வந்ததும், தலை ஈரம் காயட்டும் என்று மருமகள் ஆசையாகச் சாம்பிராணி போட்டாள். அடுப்பில் பஜ்ஜிக்கு எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. நெஞ்சு இறுக ஆரம்பித்தது எனக்குத் தெரிந்தது. சொல்லவில்லை. ஊரிலிருந்து நாத்தனார் குடும்பம் வந்திருக்கிறது, குழந்தைகள் புதுத்துணியில் நிற்கிறார்கள், நாம் எதற்கு இன்றைக்குப் போய் என்று வாயை மூடிக்கொண்டேன். பேரன் கையைப் பிடித்து இழுத்தான். மாடிப்படி இறங்கிப் போய் அவனோடு கம்பி மத்தாப்பு கொளுத்தினேன். திரும்ப ஏறும்போது ஒவ்வொரு படிக்கும் நிற்க வேண்டியிருந்தது. "என்னாச்சு அத்தை?" என்று மருமகள் கேட்டதற்கு "ஒண்ணுமில்லம்மா" என்ற ஒரு சொல்லைச் சொல்லவே இரண்டு தடவை மூச்சு வாங்கியது. சாயங்காலம் உதடு கறுத்துவிட்டது. மூன்று நாள் மருத்துவமனையில், காற்றை அழுத்தித் தந்து மூச்சுவிட உதவும் பைபாப் மாஸ்க்கோடு கிடந்தேன்.

வெடிப்புகை காரணம்தான், ஆனால் அது கடைசிக் காரணம். ஆவி, சாம்பிராணி, எண்ணெய்ப் புகை, படிக்கட்டு எல்லாம் அதற்கு முன்பே வீட்டுக்குள் நடந்தவை. எல்லாவற்றுக்கும் மேல், நான் சொல்லாமல் இருந்தது. உங்கள் அப்பாவும் இதையே செய்வார். நல்ல நாளில் யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது என்று இளைப்பை விழுங்கிக்கொள்கிற தலைமுறை நாங்கள். அதனால் அவர் வாயால் சொல்லும்வரை காத்திருக்காதீர்கள். பேச்சு துண்டு துண்டாக வருகிறதா, தோள் மேலே ஏறி இறங்குகிறதா, முழங்காலில் கையூன்றிக் குனிந்து உட்காருகிறாரா என்று பார்த்துக்கொண்டே இருங்கள்.

சரி, நேரம் பற்றி. தமிழ்நாட்டில் 2018 முதல் பட்டாசுக்குக் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று நேரம் வகுத்திருக்கிறார்கள். நடைமுறையில் நள்ளிரவு வரை சத்தம் ஓயாது என்பது சென்னையில் இருப்பவர்களுக்குத் தெரியும். எங்கள் வீட்டில் மாலை 5 மணிக்கே எல்லா ஜன்னலையும் சாத்தி, கதவிடுக்கில் துணி செருகிவிடுவோம். மறுநாள் காலை வெடிச்சத்தம் இருக்காது, ஆனால் புகை தரையோடு தேங்கி நிற்கும். அன்று வெயில் நன்றாக ஏறும்வரை வாசலுக்குக்கூடப் போகமாட்டேன். ஏசி போட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். ஸ்பிளிட் ஏசி உள்ளே இருக்கிற காற்றையேதான் சுற்றிவிடும். நுண்துகளைப் பிடிக்கிற ஹெப்பா வடிகட்டி உள்ள காற்றுச் சுத்திகரிப்பான் ஒன்று என் அறையில் மட்டும் ஓடுகிறது. முகத்தில் ஈரத்துணி கட்டுவதால் நுண்துகள் நிற்காது. என்95 மாஸ்க் நிறுத்தும், ஆனால் மூச்சு வாங்கும்போது அதைப் போட்டுக்கொண்டிருப்பதே சிரமம், வாயுக்களை அது தடுப்பதும் இல்லை. வெளியே போகாமல் இருப்பதுதான் மேல்.

தீபாவளியைவிட எனக்குப் போகிதான் பயம். மார்கழிக் குளிரில் புகை மேலே போகாது. பனியோடு சேர்ந்து கீழேயே படுத்துக்கொள்ளும். 2018 போகியன்று ஓடுபாதை தெரியாமல் சென்னைக்கு வந்த விமானங்களையே வேறு ஊருக்குத் திருப்பிவிட்டார்கள். டயரும் பிளாஸ்டிக்கும் எரிக்கிற தெருவில் நம் நுரையீரல் என்ன பாடுபடும்! போன போகிக்கு முந்தின வாரம் மகன் எங்கள் தெருவில் வீடு வீடாகப் போய், "அம்மாவுக்கு மூச்சுக் கோளாறு, டயர் மட்டும் வேண்டாம்" என்று கேட்டான். எதிர்வீட்டுக்காரர் பழைய பாயையும் துணியையும் குப்பை வண்டியிலேயே போட்டார். எல்லோரும் கேட்கவில்லை. ஆனாலும் எங்கள் வாசலில் அன்று நெருப்பு இல்லை.

மருந்து விஷயத்தில், தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பே டாக்டரைப் பார்த்துவிடுங்கள். இளைப்பு அதிகமானால் எத்தனை பஃப், எப்போது நெபுலைசர் (மருந்தை ஆவிபோல ஆக்கித் தரும் கருவி), எப்போது கிளம்பி வர வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். எங்கள் வீட்டில் அது ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. பண்டிகையன்று மெடிக்கல் ஷாப் மூடியிருக்கும், இன்ஹேலர் ஒன்று கூடுதலாக இருக்கட்டும். இன்ஹேலரை ஸ்பேசர் (அதன் வாயில் பொருத்துகிற குழாய்) வைத்து எடுக்கிறாரா என்றும் பாருங்கள். நான் இரண்டு வருடம் தப்பாக இழுத்து மருந்தைத் தொண்டையிலேயே விட்டிருக்கிறேன். ஃப்ளூ தடுப்பூசி வருடா வருடம் போட வேண்டும். சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால் பண்டிகை முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். உதடு நீலம் பாய்ந்தாலோ, அரைத்தூக்கமாகக் குழம்பிப் பேசினாலோ உடனே 108.

வீட்டில் ஆக்ஸிஜன் மெஷின் இருந்தால் இதை மறக்கவே வேண்டாம். மூச்சுத் திணறுகிறதே என்று லிட்டரைக் கூட்டிவிடக் கூடாது. எங்களில் பலருக்கு ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு 88 முதல் 92 சதவீதம் வரை இருந்தால் போதும் என்பார் டாக்டர். அளவுக்கு மீறினால் கரியமில வாயு உடம்பில் தேங்கி மயக்கத்தில் கொண்டு விடும். அப்புறம், கார்த்திகை தீபத்தன்று அகல் விளக்கோ ஊதுபத்தியோ அந்த அறைக்குள் வரவே கூடாது. ஆக்ஸிஜன் பக்கத்தில் சின்னத் தீயும் குப்பென்று பற்றிக்கொள்ளும்.

ஊருக்கு அனுப்புவதா என்றால், ஊரில் என்ன எரிகிறது என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். நான் ஒரு பொங்கலுக்கு விழுப்புரம் பக்கம் அக்கா வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் விறகு வைத்துப் பொங்கல், பின்னால் மாட்டுக்கொட்டகையில் கொசுவுக்குப் புகைமூட்டம். இரண்டாம் நாளே திரும்பிவிட்டேன். பக்கத்தில் நல்ல மருத்துவமனையும் இல்லை. புகையில்லாத வீடு, பெரிய மருத்துவமனை அரைமணி தூரத்தில் என்றால் தாராளமாக அனுப்புங்கள். இல்லையென்றால், அவருடைய டாக்டர் இருக்கிற சென்னையே நல்லது.

அவரை அறைக்குள் வைத்துப் பூட்டி மட்டும் விடாதீர்கள். போன தீபாவளிக்கு என் பேரன் கொளுத்தாத மத்தாப்பைக் கொண்டுவந்து, "பாட்டி, தொட்டுக் குடு" என்றான். தொட்டுக் கொடுத்தேன். கீழே போய் அவன் சுற்றியதைக் கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்த்துக் கையாட்டினேன்.

இன்று இரவே அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, போன தீபாவளிக்கு எந்த நேரத்தில் கஷ்டமாக இருந்தது என்று கேளுங்கள். முதலில் "ஒண்ணுமில்லை" என்பார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை கேளுங்கள்.