டைமெத்தில் மெர்க்குரி: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

பல வருடம் ஆய்வகத்தில் வேலை பார்த்தவள், இப்போது புதிதாகச் சேருபவர்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுக்கிறேன். டைமெத்தில் மெர்க்குரி என்பது கொடிய நச்சுள்ள ஒரு பாதரசச் சேர்மம். அதை நான் கையாண்டதில்லை, கையாளப் போவதும் இல்லை. அதைப் பற்றிப் பேசாத வகுப்பும் இல்லை.

கேள்வி: அக்கா, தெர்மாமீட்டர் உடைந்தால் உருண்டு ஓடுமே, அந்தப் பாதரசம்தானே இதுவும்?

இல்லை. அது தனிமம். அதன் ஆவியைச் சுவாசிப்பதுதான் முக்கிய ஆபத்து, தவறி விழுங்கினால்கூடப் பெரும்பாலும் குடலில் சேராமல் வெளியே போய்விடும். இதிலோ பாதரச அணுவின் இரண்டு பக்கமும் மெத்தில் தொகுதிகள் (ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன் அணுக்கள் சேர்ந்தது) ஒட்டியிருக்கின்றன. தண்ணீரோடு ஒட்டாது, கொழுப்போடு கலந்துவிடும். நம் தோலும் சரி, ரப்பரும் சரி, அதற்குத் திறந்த கதவு மாதிரிதான்.

கேள்வி: பார்த்தால் அடையாளம் தெரியுமா?

தெரியாது. தண்ணீர் மாதிரி நிறமில்லாத திரவம், ஆனால் தண்ணீரைவிட ஏறக்குறைய 3 மடங்கு கனம். சுமார் 93 டிகிரி செல்சியஸில் கொதிக்கும், அறை வெப்பத்திலேயே தாராளமாக ஆவியாகும், தீயும் பிடிக்கும். லேசான இனிப்பு வாசனை உண்டு என்று எழுதியிருப்பார்கள். வாசனை தெரிகிற அளவுக்கு மூக்கை நீட்டினாலே காரியம் கெட்டது என்று அர்த்தம்.

கேள்வி: கையுறை போட்டிருந்தும் ஒரு பேராசிரியை இறந்துபோனாராமே, நிஜமா?

நிஜம். அமெரிக்காவில் டார்ட்மவுத் கல்லூரியின் வேதியியல் பேராசிரியை கேரன் வெட்டர்ஹான். நச்சு உலோகங்கள்தான் அவருடைய துறையே, அதனால் அசட்டையாக இருந்துவிட்டார் என்று யாரும் சொல்ல முடியாது. 1996 ஆகஸ்ட் 14, மூலக்கூறுகளின் அமைப்பை ஆராயும் என்எம்ஆர் கருவிக்கு ஒப்பீட்டுப் பொருளாக இதை எடுக்கிறார். ஆவி அடங்கட்டும் என்று குப்பியைப் பனிக்கட்டித் தண்ணீரில் குளிரவைத்து, நச்சு ஆவியை இழுத்து வெளியேற்றும் ஃப்யூம் ஹூடுக்குள் வைத்து, லேடெக்ஸ் கையுறையோடுதான் வேலை செய்தார். குழாயிலிருந்து ஒன்றிரண்டு சொட்டு கையுறை மேல் விழுந்தது. வேலையை முடித்துவிட்டுக் கையுறையைக் கழற்றிக் கை கழுவிக்கொண்டார், அவ்வளவுதான். அந்தக் கையுறையை இது 15 விநாடிக்குள் கடந்துவிடும் என்பது பிறகு சோதித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

ஐந்து மாதம் கழித்து, 1997 ஜனவரியில், நடை தடுமாறியது, பேச்சு குழறியது. ரத்தத்தில் லிட்டருக்கு 4,000 மைக்ரோகிராம் பாதரசம் இருந்தது, நச்சு என்று கருதும் வரம்பே 200தான். மூன்று வாரத்தில் கோமா. 1997 ஜூன் 8 அன்று இறந்தார், வயது 48.

எனக்கு மறக்காதது அவருடைய தலைமுடி. முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளரும், ஆகவே அது ஒரு நாட்குறிப்பு. நீளவாக்கில் துண்டு துண்டாகச் சோதித்தபோது, ஆகஸ்ட் வரை ஒன்றுமில்லை, சில நாளில் பாதரசம் விறுவிறுவென்று ஏறி, அப்புறம் மெல்ல இறங்கியிருந்தது. நடந்தது ஒரே ஒரு தடவைதான் என்று முடியே சொல்லிவிட்டது.

கேள்வி: விஷம் என்றால் உடனே தெரிய வேண்டாமா? ஏன் ஐந்து மாதம்?

உடலுக்குள் இது மெத்தில் மெர்க்குரியாக மாறி, சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தோடு சேர்ந்துகொள்ளும். அந்தச் சேர்க்கை பார்க்க மூளைக்குத் தேவையான மெத்தியோனின் என்ற இன்னோர் அமினோ அமிலம் மாதிரியே இருப்பதால், மூளையின் காவல் சுவர் நம்ம ஆள் என்று நினைத்து உள்ளே விட்டுவிடுகிறது. நரம்பணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும்போது மற்றவை ஈடுகொடுக்கும், அது முடியாமல் போகிற நாளில்தான் நமக்குத் தெரியும். பாதரசத்தைப் பிடித்து வெளியேற்றும் மருந்து உண்டு, அவருக்கும் கொடுத்தார்கள். செத்த நரம்பணுவை எந்த மருந்தும் எழுப்பாது. எனவே, மேலே பட்டதாகச் சந்தேகம் வந்தாலே அறிகுறிக்குக் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும், என்ன ரசாயனம் என்று பெயரைச் சொல்ல வேண்டும்.

கேள்வி: நைட்ரைல் கையுறையை இரண்டடுக்காகப் போட்டால் போதுமா சகோ?

போதாது. உள்ளே பிளாஸ்டிக் லேமினேட் கையுறை, அதன் மேல் முழங்கை வரை வரும் தடித்த நியோப்ரீன், இதுதான் அந்தச் சம்பவத்துக்குப் பிறகு வந்த பரிந்துரை. அதைவிட, இது எதற்கு வேண்டும் என்று முதலில் கேளுங்கள். என்எம்ஆர் வேலைக்கு இதைவிடக் குறைந்த ஆபத்துள்ள பாதரச உப்புகள் இருக்கின்றன.

கேள்வி: மீனில் இருக்கிறது என்கிறார்களே, அதுவும் இதேதானா?

அதன் பங்காளி. மீனில் இருப்பது ஒரே ஒரு மெத்தில் கொண்டது, நீரடிச் சேற்றில் நுண்ணுயிர்கள் உண்டாக்குவது. ஜப்பானின் மினமாட்டாவில் 1956இல் வெளிச்சத்துக்கு வந்த நரம்பு நோய்க்குக் காரணமும் மெத்தில் மெர்க்குரிதான், அங்கே அது தொழிற்சாலைக் கழிவிலிருந்து வந்தது. சுறா, வாள்மீன் போல மற்ற மீன்களைத் தின்று வளரும் பெரிய மீன்களில் அதிகம் சேரும். கர்ப்பிணிகள் அவற்றைத் தவிர்க்கட்டும், சிறு மீன்களுக்கு இவ்வளவு பயம் வேண்டாம்.

கேள்வி: ஆர்வத்துக்காகக் கொஞ்சமாகத் தயாரித்துப் பார்க்க வழி சொல்வீர்களா?

மாட்டேன். 1860களில் லண்டனில் ஓர் ஆய்வகத்தில் இதைத் தயாரித்த இரண்டு உதவியாளர்கள் இறந்துபோனார்கள். ஒருவர் சில வாரங்களில். மற்றவர் ஏறக்குறைய ஒரு வருடம் படுக்கையில் கிடந்து.