பாலைவனத்தில் ஒரு சுரங்கக் குடும்பம் விட்டுச் சென்ற வீடு

பாலைவனத்தில் சுரங்கத்தை நம்பி வாழ்ந்த ஒரு குடும்பத்தின் கைவிடப்பட்ட குடியிருப்பைப் பார்க்கப் போகலாமா, அங்கே அப்படி என்ன இருக்கிறது என்பது கேள்வி.

கட்டாயம் போகலாம். நான் பார்த்தது கலிஃபோர்னியாவின் ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் கீஸ் பண்ணை. பில் கீஸ் 1910-இல் இந்தப் பக்கம் வந்து, டெசர்ட் குவீன் என்ற தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தார். முதலாளி இறந்தபோது பாக்கி நின்ற சம்பளத்துக்கு ஈடாக இந்த இடம் அவர் கைக்கு வந்தது. 1918-இல் ஃபிரான்சிஸைக் கல்யாணம் செய்துகொண்டு, கடைசிவரை இங்கேயே குடித்தனம் நடத்தினார்.

வீடு, பிள்ளைகள் படித்த பள்ளிக்கூடம், கடை, பட்டறை எல்லாம் இன்றும் நிற்கின்றன. ஆனால் என்னை அதிகம் நிறுத்திவைத்தது முற்றம் முழுக்கக் கிடக்கும் பழைய சாமான்கள்தான். துருப்பிடித்த கார்கள், லாரிகள், சுரங்கக் கருவிகள், உதிரி பாகங்கள். ஒரு போல்ட் வேண்டுமென்றாலும் நெடுந்தூரம் போகவேண்டிய இடம். அதனால் சுற்றுவட்டாரத்தில் எந்தச் சுரங்கம் மூடினாலும் அங்கே மிஞ்சியது இங்கே வந்து சேர்ந்தது. முதல் பார்வைக்குக் காயலான் கடை போலத் தெரியும். எனக்கு அது ஒரு குடும்பத்தின் சேமிப்புக் கணக்காகவே பட்டது.

தண்ணீரையும் அதே சிக்கனத்தோடுதான் சேர்த்திருக்கிறார்கள். எப்போதாவது பெய்யும் மழையைப் பாறை இடுக்குகளில் சிறு அணை கட்டித் தேக்கி, பழத்தோட்டமும் காய்கறியும் வளர்த்தார்கள். விளைந்ததை ஃபிரான்சிஸ் ஜாடிகளில் பதப்படுத்தி வைப்பாராம். தங்கம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் சாப்பாடு நடக்கவேண்டுமே! சுரங்கத்தைவிட அந்த அம்மாளின் சமையலறைதான் இவ்வளவு காலம் இவர்களை நிற்கவைத்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன். சிறு வயதிலேயே போய்விட்ட பிள்ளைகளின் கல்லறையும் இதே நிலத்தில்தான் இருக்கிறது.

நேரம் இருந்தால் வால் ஸ்ட்ரீட் மில்லுக்கும் நடந்து போங்கள். தங்கத் தாதை இடித்துப் பொடியாக்கும் ஆலை அது. 1930களில் பின்யன் வெல் என்ற இடத்திலிருந்து இயந்திரத்தைக் கழற்றிக் கொண்டுவந்து நிறுவினார் கீஸ். அங்கே போகும் பாதை பற்றிய தகராறில் 1943-இல் அவர் சுட்டதில் பக்கத்து நிலத்துக்காரர் இறந்தார். தற்காப்புக்காகத்தான் சுட்டேன் என்றார். ஆனாலும் சிறைக்குப் போனார். பெரி மேசன் கதைகளை எழுதிய ஏர்ல் ஸ்டான்லி கார்ட்னர் அந்த வழக்கைக் கையில் எடுத்துப் போராடியதால், 1956-இல் மன்னிப்பு கிடைத்தது.

ஃபிரான்சிஸ் 1963-இலும் கீஸ் 1969-இலும் காலமானார்கள்.

சரி, போவது எப்படி? பண்ணைக்குள் தனியாக விடமாட்டார்கள். பூங்கா ஊழியர் அழைத்துச் செல்லும் சுற்றில்தான் போகமுடியும். குளிர்கால மாதங்களில் திட்டமிட்டு முன்பதிவு செய்துவிடுங்கள். குடிதண்ணீரை வெளியிலிருந்தே தாராளமாக எடுத்துப் போங்கள், மொபைல் சிக்னலை நம்பாதீர்கள். அப்புறம், கீழே கிடக்கும் ஒரு துருப்பிடித்த ஆணியைக்கூட எடுக்காதீர்கள். பழைய சுரங்கக் குழிகளின் பக்கம் பிள்ளைகளை விடவே வேண்டாம்.